நூறு வயது மோட்டார் சைக்கிள்களில் அமெரிக்காவைக் கடப்பது: கேனன்பால் ஓட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016 செப்டம்பரில் கேன்சஸ் மாநிலத்தில் ஒரு சாலையோரம் நின்று ‘மோட்டார் சைக்கிள் கேனன்பால்’ ஓட்டத்தைப் பார்த்தேன். அன்று எடுத்த படங்களை யாரிடம் காட்டினாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அலுவலக நண்பர்கள், ஊரிலிருந்து பேசும் சித்தப்பா, புதிதாக லைசென்ஸ் வாங்கிய பக்கத்து வீட்டுப் பையன் என்று கேட்டவர்கள் பலர். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

1. இது என்ன ஓட்டம்? யார் ஆரம்பிச்சது?

மிகப் பழைய மோட்டார் சைக்கிள்களை லாரியில் ஏற்றாமல், அவற்றின் சொந்தப் பலத்தில் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓட்டிப் போவதுதான் இது. லானி ஐசம் ஜூனியர் தொடங்கியது. முதல் ஓட்டம் 2010இல், வட கரோலைனாவின் கிட்டி ஹாக்கிலிருந்து கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா வரை நடந்தது. ரைட் சகோதரர்கள் விமானம் பறக்கவிட்ட அதே கிட்டி ஹாக்தான். அந்த முதல் ஓட்டத்தில் 1916க்கு முன் செய்த வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. தூரம் சுமார் 3,300 மைல், அதாவது 5,300 கிலோமீட்டர்.

2012இல் நியூயார்க் மாநிலத்தின் நியூபர்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வரை. 2014இல் டேடோனா பீச்சிலிருந்து டகோமா வரை. 2016இல் அட்லான்டிக் சிட்டியிலிருந்து கார்ல்ஸ்பாட் வரை; அந்த ஆண்டு வந்த வண்டி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நூறு வயது. 2018இல் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாண்டிலிருந்து ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்டுக்கு. ஐசம் 2017இல் காலமானார். அவருக்குப்பின் பொறுப்பேற்றவர் ஜேசன் சிம்ஸ். 2020இல் நடக்க வேண்டியது கொரோனாவால் 2021க்குத் தள்ளிப்போனது. அந்த ஒருமுறை கனடா எல்லையை ஒட்டிய சூ சேன்ட் மரியிலிருந்து டெக்சஸின் தென்கோடி வரை, வடக்கே புறப்பட்டுத் தெற்கே முடித்தார்கள்.

2. அப்போ ரேஸ்தானே? யார் முதல்ல வராங்களோ அவங்க ஜெயிப்பாங்க?

முதலில் வந்து சேர்ந்தால் எதுவும் கிடைக்காது. அன்றைய வழியைக் குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடித்தால் மைலுக்கு ஒரு புள்ளி. வண்டி நடுவில் நின்றுபோய் லாரியில் ஏறினால் ஓட்டாத மைல்களுக்குப் புள்ளி போய்விடும். ஆகவே விரட்டி ஓட்டுபவரைவிட, எஞ்சினைப் பதமாக நடத்துபவருக்குத்தான் இதில் இடம். புள்ளிகள் சமமானால் என்ன ஆகும் என்பது தனிக் கதை. 15ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

3. மெதுவா போற வண்டிக்குப் போய் ‘பீரங்கிக் குண்டு’ன்னு பேரா?

பெயர் எர்வின் பேக்கர் என்ற மனிதருடையது. பட்டப்பெயர் ‘கேனன்பால்’. 1914இல் இந்தியன் மோட்டார் சைக்கிளில் சான் டியேகோவிலிருந்து நியூயார்க்குக்குப் பதினொன்றரை நாளில் வந்து சேர்ந்தார். அன்று அந்த வழியில் பெரும்பகுதி மண் பாதைதான். கற்பனை செய்து பாருங்கள்.

அவருக்கும் முன்னோடி ஒருவர் உண்டு, அவரைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். ஜார்ஜ் வைமன், 1903. சைக்கிள் சட்டத்தில் ஒன்றேகால் குதிரைத்திறன் எஞ்சின் மாட்டிய வண்டியில் மே 16 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பினார். சாலை இல்லாத இடங்களில் ரயில் தண்டவாளத்தின் கட்டைகள் மேல் ஓட்டினார். நியூயார்க்குக்கு 150 மைல் இருக்கும்போது எஞ்சின் கைவிட்டுவிட்டது. மீதித் தூரத்தைப் பெடல் மிதித்தே கடந்து ஜூலை 6 அன்று போய்ச் சேர்ந்தார். மொத்தம் 51 நாள். முதல் கார் அமெரிக்காவைக் கடந்தது அதற்கு இருபது நாள் கழித்துத்தான்.

1970களில் கேனன்பால் என்ற பெயரில் சட்டத்தை மீறிக் கார்கள் பறந்தன. அதற்கும் இதற்கும் பெயர் மட்டுமே பொது.

4. நிறைய வண்டில ‘இந்தியன்’னு போட்டிருக்கே, நம்ம நாட்டு கம்பெனியா?

இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜார்ஜ் ஹென்டீ, ஆஸ்கர் ஹெட்ஸ்ட்ராம் இருவரும் 1901இல் தொடங்கியது. அமெரிக்கப் பூர்வகுடிகளை அன்று அப்படி அழைத்ததால் வந்த பெயர். ஓட்டத்தில் அதிகம் தென்படுபவை இந்தியன், ஹார்லி டேவிட்சன், சிகாகோவின் எக்ஸெல்சியர், நான்கு சிலிண்டர்களை வரிசையாக வைத்த ஹென்டர்சன் ஆகியவை.

நம் பக்கத்துத் தொடர்பு வேண்டுமென்றால் ஹென்டர்சனில் இருக்கிறது. 1912–13இல் கார்ல் ஸ்டெர்ன்ஸ் கிளான்சி என்ற இளைஞர் ஹென்டர்சனில் உலகைச் சுற்றினார். மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் பயணம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அவர் வழியில் இலங்கையும் இருந்தது.

5. எங்க தாத்தாவோட புல்லட்டை விடவா பழசு?

ஆமாம், நிறையவே. புல்லட் என்ற பெயரே இங்கிலாந்தில் 1932இல்தான் வந்தது. சென்னையில் அது தயாராகத் தொடங்கியது 1955இல். 2016 ஓட்டத்துக்கு வந்த வண்டிகள் பக்கத்தில் தாத்தாவின் புல்லட் பேரப்பிள்ளை மாதிரி. 1936 வரையான வண்டிகளை அனுமதித்த 2014 ஓட்டத்தில்கூட முதல் இங்கிலாந்துப் புல்லட்டுக்குத்தான் இடம் கிடைத்திருக்கும்.

ஆனால் பழைய புல்லட்டைக் கிக்கர் திருப்பி அடிக்காமல் ஸ்டார்ட் செய்யத் தெரிந்தவருக்கு அடுத்த பதில் பாதி புரிந்த மாதிரிதான்.

6. ரெண்டு சக்கரம், ஒரு எஞ்சின். ஓட்டறதுல அப்படி என்ன கஷ்டம்?

கைகளிலிருந்து தொடங்குவோம். ஒரு கைப்பிடியைத் திருகினால் ஆக்சிலேட்டர். இன்னொன்றைத் திருகினால் ஸ்பார்க் விழும் நேரம் முன்பின்னாக மாறும். ஸ்டார்ட் செய்யும்போது ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுக்க மறந்தால் பெடல் காலைத் திருப்பி அடிக்கும். ஓடத் தொடங்கியதும் முன்னுக்குத் தள்ள மறந்தால் எஞ்சின் கொதிக்கும். ஒரே கியர் வண்டிகள் பல. கிளட்சே இல்லாதவையும் உண்டு. அவற்றில் சிக்னலில் நிற்க வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, பச்சை விழுந்ததும் மறுபடி மிதித்துத்தான் கிளப்ப வேண்டும். சிலவற்றில் செயினுக்குப் பதில் தோல் பெல்ட். மழை பெய்தால் அது வழுக்கும்.

அடுத்தது ஆயில். இன்றைய எஞ்சினில் ஆயில் சுற்றிச் சுற்றி வரும். இந்த வண்டிகளில் போன ஆயில் திரும்பி வராது. உள்ளே விழுந்து, பிஸ்டனை நனைத்து, கொஞ்சம் புகையாகி, மிச்சம் தரையில் சொட்டும். ஓட்டுபவர் சில மைலுக்கு ஒருமுறை கைப்பம்பை அழுத்தி ஆயில் விட வேண்டும். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் பிளக் நனைந்து கருகும். ஏற்றத்தில் அதிகம் வேண்டும், இறக்கத்தில் குறைவாக. இதைச் சொல்ல மீட்டர் கிடையாது. எஞ்சின் சத்தமும் பின்னால் வரும் புகையின் நிறமும்தான் மீட்டர். நாள் முழுவதும் அந்தச் சத்தத்தைக் காது விடாமல் கேட்டுக்கொண்டே போகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

அப்புறம் பிரேக். ஹார்லியில் முன்சக்கர பிரேக் வந்ததே 1928இல். அதற்கு முந்தைய அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் பின்சக்கரத்தில் மட்டும்தான். டயர்களும் வேறு மாதிரி. உள்ளே அடைத்த காற்றின் அழுத்தத்தால்தான் அவை ரிம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஓடும்போது பஞ்சரானால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் ரிம்மை மட்டும் பிற்கால வகைக்கு மாற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அதில் தவறே இல்லை என்பது என் கருத்து.

7. ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்? கூகுள் மேப் வச்சுக்கலாமா?

பெரும்பாலான நாட்களில் 200 மைலுக்கு மேல், சில நாட்களில் 300 மைலை நெருங்கும். இரண்டு வாரத்துக்கும் மேல், நடுவில் ஒரு ஓய்வு நாளுடன். ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு மணிக்கு 50, 60 கிலோமீட்டர் சுகமான வேகம். பெரிய இரட்டை சிலிண்டர் வண்டிகள் 80ஐத் தொடும். இந்த வேகத்துக்கு 300 மைல் என்பது விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை.

ஜிபிஎஸ் கூடாது. காலையில் கிளம்புவதற்குச் சற்று முன் வழிக்குறிப்புத் தாள் கொடுப்பார்கள். அதைச் சுருட்டி ஹேண்டில்பாரில் ஒரு பெட்டிக்குள் வைத்து, மைல் கணக்குப் பார்த்து உருட்டிக்கொண்டே போக வேண்டும். வழி தவறினால் கூடுதல் மைல்களுக்குப் புள்ளி இல்லை, நேரம் மட்டும் போகும். அதிவேக நெடுஞ்சாலைகளை முடிந்தவரை தவிர்த்து, சிற்றூர்கள் வழியாகவே பாதை போடுகிறார்கள். பார்க்க வருபவர்களுக்கு அதுதான் வசதி.

8. எங்க நின்னா நல்லா பார்க்கலாம்? டிக்கெட் உண்டா?

சாலையோரம் நிற்க டிக்கெட் ஏது? இரவு தங்கும் ஊர்களையும் மதிய நிறுத்தங்களையும் முன்பே அறிவிப்பார்கள். அங்கே போய்ப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.

முதல்முறை நான் செய்த தவறைச் சொல்கிறேன். கேமராவோடு ஒரு வளைவில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். வண்டிகள் ஒன்றொன்றாக, நீண்ட இடைவெளி விட்டு வந்தன. சமவெளி என்பதால் வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். டுப் டுப் என்று எண்ணிவிடலாம் போல ஒரு சத்தம். பிறகு ஒரு புள்ளி, நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு ஆள், எரிந்த ஆயில் வாசனை. பத்து விநாடியில் எல்லாம் முடிந்துவிட்டது. அழகுதான். ஆனால் எதுவும் புரியவில்லை.

புரிந்தது அன்று மாலை, அவர்கள் தங்கிய விடுதியின் கார் நிறுத்துமிடத்தில். டார்ச் வெளிச்சத்தில் சிலிண்டரைக் கழற்றி வைத்திருந்தார் ஒருவர். வண்டிக்குக் கீழே அட்டை விரித்து அதில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. நூறு வருஷத்துக்கு முன் செய்த பிஸ்டனைத் துணியில் துடைத்து, ‘கையில் பிடித்துப் பார்’ என்று நீட்டினார் இன்னொருவர். யார் கேட்டாலும் அப்படி எடுத்துக் காட்டுகிறார்கள். ஆகவே என் யோசனை: பகலில் அரைமணி சாலையோரம் நில்லுங்கள். மாலை முழுவதையும் அந்த நிறுத்துமிடத்துக்குக் கொடுங்கள். முடிந்தால் மறுநாள் விடிகாலை கிளம்புவதையும் பாருங்கள்.

9. பின்னாடியே கார்ல வீடியோ எடுத்துட்டுப் போலாமா?

தயவுசெய்து வேண்டாம். 6ஆம் பதிலில் சொன்ன பிரேக்கையும் டயரையும் நினைத்துப் பாருங்கள். ஒட்டிப் போனால் அவருக்குப் பதற்றம். முந்திப் போய் முன்னால் பிரேக் போட்டால் அவரால் நிறுத்த முடியாது. ஹாரன் அடித்தால் அவர் எஞ்சினைக் கேட்க முடியாது. முந்துவதானால் நன்றாக விலகி, ஒரே மூச்சில் முந்திவிடுங்கள்.

வழியில் நின்றுபோனவரைக் கண்டால் வண்டியை ஓரமாக விட்டுவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள். ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். அவருடைய சொந்த அணியே வழியில் வந்து உதவக் கூடாது என்பது விதி. அணியின் வேன் வேறு பாதையில் போகும். மடியில் கட்டிக்கொண்டு வந்த கருவிகளை வைத்து அவரே சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் லாரிக்குக் காத்திருக்க வேண்டும்.

10. பெண்கள் யாராவது ஓட்டறாங்களா?

முதல் ஓட்டத்திலிருந்தே. 2010இல் கிரிஸ் சாமர் சிம்மன்ஸ் 1915ஆம் ஆண்டு ஹார்லியில் வந்தார். வண்டிக்கு அவர் வைத்த பெயர் எஃபி. 1915இல் தன் அம்மா ஏவிஸைச் சைடு காரில் உட்காரவைத்து ஹார்லியில் புரூக்ளினிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போன எஃபி ஹாட்ச்கிஸ் நினைவாக வைத்தது. அந்த அம்மாவும் மகளும் அட்லான்டிக் தண்ணீரை எடுத்துப்போய் பசிஃபிக்கில் ஊற்றினார்கள்.

1916இல் அகஸ்டா, அடலின் என்ற வான் பியூரன் சகோதரிகள் ஆளுக்கொரு இந்தியனில் நாட்டைக் கடந்தார்கள். பெண்களாலும் ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் வண்டியோட்டிகளாக இருக்க முடியும் என்று காட்டுவதற்கான பயணம் அது. வழியில் சில ஊர்களில், ஆண்களைப் போல் கால்சட்டை போட்டதற்காக அவர்களைக் கைது செய்தார்கள். அவ்வளவையும் தாண்டி வந்தும் ராணுவம் அடலினை எடுத்துக்கொள்ளவில்லை. இதை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

11. ஸ்பேர் பார்ட்ஸ் எங்க கிடைக்கும்?

கடையில் கிடைக்காது. பழைய வண்டிச் சந்தைகளில் தேடலாம், இன்னொரு வண்டியிலிருந்து கழற்றலாம், இல்லாவிட்டால் லேத்தில் கடைய வேண்டும். பிஸ்டன், வால்வு, பேரிங் எல்லாம் புதிதாகச் செய்து போட்டவர்கள் உண்டு. ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு வருஷ உழைப்பில்தான் பாதி வெற்றி இருக்கிறது என்று அந்த நிறுத்துமிடத்தில் பலர் சொன்னார்கள்.

12. இப்போ பங்க்ல கிடைக்கிற பெட்ரோல் ஒத்துக்குமா?

ஓடும், ஆனால் தொல்லையும் கொடுக்கும். அந்தக்கால கார்புரேட்டரில் மிதவை தக்கையால் ஆனது. பெட்ரோல் ஊறாமல் இருக்க அதன்மேல் அவலரக்கு பூசியிருப்பார்கள். இன்றைய அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. மரவேலை செய்பவர்கள் பாலிஷுக்கு அவலரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைப்பார்கள் அல்லவா? அதேதான் இங்கேயும் நடக்கிறது. பூச்சு கரைந்து, தக்கை ஊறி, மிதவை மூழ்கி, பெட்ரோல் வழிகிறது. அதனால் எத்தனால் கலக்காத பங்கைத் தேடிப் போகிறார்கள், அல்லது பூச்சை மாற்றுகிறார்கள்.

13. நின்னுபோன வண்டி, ஒண்ணுமே செய்யாம அரைமணி கழிச்சு தானா ஸ்டார்ட் ஆச்சு. எப்படி?

பெரும்பாலும் மேக்னெட்டோதான் காரணம். பேட்டரி இல்லாமல் ஸ்பார்க் தரும் கருவி அது. அதற்குள் இருக்கும் கம்பிச் சுருளின் காப்பு பழசாகி நைந்திருக்கும். குளிர்ச்சியாக இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். எஞ்சின் சூட்டில் மின்சாரம் கசியத் தொடங்கி ஸ்பார்க் செத்துவிடும். ஆறினால் உயிர் வரும். பெட்ரோல் பிரச்சினை என்று நினைத்து கார்புரேட்டரை மூன்று முறை கழற்றி மாட்டியபிறகுதான் பலருக்கு இது தெரிய வருகிறது. சுருளைப் புதிதாகச் சுற்றுவதைத் தவிர நிரந்தரத் தீர்வு இல்லை.

14. ராக்கி மலையை எப்படி ஏறுது?

சிரமப்பட்டுத்தான். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதம் எஞ்சின் பலம் குறையும், காற்று மெலிவதால். கொலராடோவின் வுல்ஃப் க்ரீக் கணவாய் 10,857 அடி. அந்த உயரத்தில் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து குதிரைத்திறன் என்று விற்ற 1914 ஹார்லியிடம் மூன்றேகால் சொச்சம்தான் மிச்சம். ஒரே கியர் வேறு. கூடவே கலவையில் பெட்ரோல் அதிகமாகி எஞ்சின் திணறும், கார்புரேட்டர் ஊசியைத் திருகிக் குறைக்க வேண்டும். அதுவும் போதாதபோது இறங்கி, எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே பக்கத்தில் ஓடித் தள்ளுவார்கள். உச்சியை அடைந்தால் அடுத்த கவலை இறக்கம், ஒற்றை பிரேக்கோடு.

15. நிறைய பேர் ஒரு மைல் விடாம ஓட்டிட்டா யாருக்கு முதல் பரிசு?

அப்படி முழுப் புள்ளி எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் சிலர் இருப்பார்கள். அப்போது சிறிய எஞ்சின் பிரிவுக்கு முதலிடம். அதிலும் சமமென்றால் வயதில் மூத்த வண்டிக்கு. அதுவும் சமமென்றால் வயதில் மூத்த ஓட்டுநருக்கு! விளையாட்டு விதிகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

2010, 2012 இரண்டிலும் பிராட் வில்மார்த் 1913ஆம் ஆண்டு எக்ஸெல்சியரில் வென்றார். 2016, 2018 இரண்டிலும் டீன் போர்டிஜியோனி 1914ஆம் ஆண்டு ஒற்றை சிலிண்டர் ஹார்லியில் வென்றார். முந்தைய பதிலில் மூன்றேகால் சொச்சம் குதிரைத்திறன் என்று கணக்குப் போட்டோமே, அந்த ரக வண்டிதான்.

16. மியூசியத்துல இருக்க வேண்டியதை ரோட்டுல ஓட்டி நாசம் பண்ணலாமா?

சித்தப்பா ஒவ்வொரு முறையும் கேட்பது. நியாயமான கேள்வி. ஒரு வண்டி விழுந்து நொறுங்கினால் அந்த அளவுக்கு வரலாறு குறைகிறது என்பது உண்மை. பூச்சு மாறாமல், கை வைக்காமல் தப்பிப் பிழைத்த அபூர்வமான வண்டிகளைக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் வண்டி எப்போது ஆயில் கேட்கும் என்று யாருக்கும் சொல்லாது. எந்தச் சத்தத்துக்குக் கைப்பம்பை அழுத்துவது, எந்தச் சூட்டில் மேக்னெட்டோ கைவிடும் என்பதெல்லாம் ஓட்டுபவர்களின் கையிலும் காதிலும்தான் இருக்கிறது. சுருள் சுற்றுபவர், பிஸ்டன் கடைபவர், பெல்ட் தைப்பவர் ஆகியோருக்கு வேலை இருப்பதும் இவர்கள் ஓட்டுவதால்தான். ஓட்டுவதை நிறுத்தினால் ஒரு தலைமுறையில் இந்த அறிவு போய்விடும், இரும்பு மட்டும் மிஞ்சும். இங்கிலாந்தில் 1930இலிருந்து சன்பீம் மோட்டார் சைக்கிள் கிளப் நடத்தும் பயோனியர் ஓட்டத்தில் 1915க்கு முந்தைய வண்டிகள் பிரைட்டன் கடற்கரைக்கு வருகின்றன. ஒரு நாள் ஓட்டம்தான். இவ்வளவு காலமாக நடந்துவருவதால் அந்த வண்டிகளை ஓட்டத் தெரிந்தவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

17. ஒருநாள் லாரில ஏறிட்டாலே ஜெயிக்க முடியாதே. அப்புறம் ஏன் ராத்திரியெல்லாம் ரிப்பேர் பண்றாங்க?

ஒருநாள் போனால் அந்த நாளின் மைல்கள்தான் போகும். மறுநாள் காலை வண்டி ஓடினால் வரிசையில் நிற்கலாம். வெற்றி இல்லை என்று தெரிந்தும் கடைசிவரை அப்படி நிற்பவர்கள்தான் அதிகம்.

8ஆம் பதிலில் சிலிண்டரைக் கழற்றி வைத்திருந்தவரைச் சொன்னேன். அவர் அன்று மதியமே லாரியில் ஏறியவர். பிஸ்டன் ரிங் உடைந்திருந்தது. ரிங் கொடுத்தவர் இன்னொரு போட்டியாளர். டார்ச் பிடித்தது இன்னொருவரின் மனைவி. நான் கிளம்பும்போது இரவு பதினொன்றரை இருக்கும், அப்போதும் அவர் ரிங்கை அரத்தால் ராவி அளவு பார்த்துக்கொண்டிருந்தார். விடியற்காலை மறுபடி போனேன். முதல் மிதியில் பிடிக்கவில்லை. ஆறாவதில் பிடித்தது. சுற்றி நின்ற நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள், வெள்ளைப் புகையை விட்டுக்கொண்டு தெருமுனையில் திரும்பிவிட்டார்.